அம்மா தொடையில் வைத்த பிளேட் வீட்டுக்குள் நடந்தே உடையுமா?

ஆயர் ஈத்தாம் மகள்:

வணக்கம். விஷயம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு வயது 68, இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) உண்டு. போன ஆடி மாதம் பாத்ரூம் வாசலில் விழுந்து வலது தொடை எலும்பு முறிந்தது. தொடையின் வெளிப்பக்கத்தில் நீளமாக ஒரு பிளேட் வைத்து ஸ்குரூ போட்டார்கள். டைட்டானியம் என்றார்கள். முதலில் வாக்கர், அப்புறம் கைத்தடி என்று வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தார். வலி மட்டும் முழுதாகப் போகவில்லை. கேட்டால், "இரும்பை உள்ளே வைத்திருக்கிறான், வலிக்காதா?" என்பார்.

போன வாரம் நாற்காலியை விட்டு எழுந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். விழவில்லை, எதிலும் இடித்துக்கொள்ளவும் இல்லை. உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டதாம். எக்ஸ்ரே எடுத்தால் பிளேட் இரண்டு துண்டு. ஸ்குரூ போடாமல் விட்ட ஓர் ஓட்டை வழியாக, கொஞ்சமும் வளையாமல் குறுக்கே உடைந்திருக்கிறது.

வீட்டில் இப்போது பட்டிமன்றம். மாமா, "மட்டமான சாமானைப் போட்டுவிட்டான், கேஸ் போடு" என்கிறார். அண்ணி, தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போனதுதான் காரணம் என்கிறார். இத்தனைக்கும் அம்மா அந்த 513 படியில் ஒன்றில்கூடக் கால் வைக்கவில்லை. அடிவாரத்தில் நின்று கும்பிட்டுவிட்டுக் காரில் ஏறிவிட்டார்.

டாக்டர் "ஃபெட்டீக்" என்று ஒரே வார்த்தை சொன்னார், அடுத்தவரைக் கூப்பிட்டார். வீட்டுக்குள் நடந்து டைட்டானியம் உடையுமா? அடுத்து வைக்கப்போவதும் இப்படித்தான் ஆகுமா?

பட்டர்வொர்த் வெல்டர்:

கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் உடைகிறதே, அதேதான் இது. ஆனால் அரை வருடத்தில் உடைந்தால் அது என்ன டைட்டானியம்? ஜெர்மன் சாமான் என்றால் இப்படி ஆகாது. மாமா சொல்வதில் தப்பில்லை லா. பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

டெஸ்ட் ரூம் கிழவன்:

பாயான் லெப்பாஸில் எலும்புக்கு வைக்கிற சாமான் செய்யும் பேக்டரி ஒன்றில், டெஸ்ட் ரூமில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். டாக்டர் இல்லை. பிளேட்டை உடைத்துப் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். அதனால் உடைவதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

வெல்டர் தம்பி, கம்பிக் கதையை எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அது வேறு. கம்பியை நீங்கள் வளைத்தால் வளைந்தபடி நிற்கும், நாலைந்து தரத்தில் முறியும். இந்த அம்மாவின் பிளேட் வளைந்து நிற்கவே இல்லை. ஒவ்வோர் அடிக்கும் மிக மிகக் கொஞ்சம் வளைந்து, மறுபடி நேராகி இருக்கிறது. எந்த அடியும் தனியாக அதை உடைக்கப் போதாது. ஓட்டையின் ஓரத்தில்தான் விசை குவியும், அங்கே ஒரு விரிசல் பிறக்கும். எக்ஸ்ரேயில் அது தெரியாது. பிறகு நடக்க நடக்க அது உள்ளே நகரும். மிச்சம் இருக்கும் உலோகம் ஓர் அடியைக்கூடத் தாங்காத அளவுக்கு வரும்போது 'டக்'. டாக்டர் சொன்ன ஃபெட்டீக் இதுதான். அந்தக் கடைசி அடி நாற்காலியிலிருந்து எழுந்ததாக அமைந்துவிட்டது, அவ்வளவுதான். விரிசல் அதற்கு ரொம்ப நாள் முன்னாலேயே ஆரம்பித்திருக்கும்.

அண்ணியிடம் இதையும் சொல்லுங்கள். பெர்லினில் செயற்கை இடுப்பு மூட்டுக்குள்ளேயே சென்சார் வைத்து, ஆட்களை நடக்கவிட்டு அளந்திருக்கிறார்கள். சமதளத்தில் சாதாரணமாக நடக்கும்போதே இடுப்பில் விழும் சுமை உடல் எடையைப் போல் சுமார் 2.4 மடங்கு. படி ஏறினால் 2.5 மடங்கு. வித்தியாசம் அவ்வளவுதான், முறுக்கும் விசை மட்டும் படியில் கூடுதல். 60 கிலோ ஆள் சமையலறைக்கும் ஹாலுக்கும் நடந்தாலே ஒவ்வோர் அடிக்கும் 140 கிலோவுக்கு மேல். தண்ணீர்மலை மேல் பழி போட வேண்டியதில்லை.

சரி, அரை வருடத்தில் ஏன்? ஒரு பிளேட்டை நாங்கள் எப்படிச் சோதிப்போம் என்று சொன்னால் புரியும். கீழே இரண்டு உருளை, அதன்மேல் பிளேட். மேலிருந்து இரண்டு உருளை இறங்கி அழுத்தும், விடும், அழுத்தும், விடும். நொடிக்கு 5 தடவை. 10 லட்சம் தடவை தாங்கினால் அந்தச் சுமையில் பாஸ். அதற்கு இரண்டு நாள், இன்னும் கொஞ்ச நேரம் ஆகும். அப்புறம் சுமையைக் கூட்டி வேறு பிளேட், இன்னும் கூட்டி இன்னொன்று. சுமை குறைவாக இருந்தால் மெஷின்தான் அலுத்துப்போகும், பிளேட் அப்படியே இருக்கும். கொஞ்சம் கூட்டிவிட்டால் கதை மாறிவிடும். பல உலோகங்களில் அழுத்தத்தைப் பத்தில் ஒரு பங்கு கூட்டினாலே ஆயுள் பாதிக்கும் கீழே போய்விடும். ரயில் அச்சுகள் ஏன் முறிகின்றன என்று ஜெர்மனியில் ஆகஸ்ட் வோலர் என்பவர் 1850களிலும் 60களிலும் ஆராய்ந்து கண்டுபிடித்தது இது. இன்று மெஷின் புதிது, கணக்கு அவருடையதுதான்.

இப்போது முக்கியமானதற்கு வருகிறேன். உங்கள் அம்மாவின் தொடையில் அந்தச் சுமையைக் கூட்டியது எது? என் சந்தேகம், எலும்பு சேரவில்லை.

பிளேட் ஆளைச் சுமப்பதற்காக வைப்பதில்லை. எலும்பு சேரும் வரைக்கும் பிடித்துக்கொள்ளத்தான். எலும்பு சேரச் சேர சுமையை அது வாங்கிக்கொள்ளும், பிளேட்டுக்கு வேலை குறையும். சேராவிட்டால் முழுச் சுமையும் பிளேட்டுக்கே. அதுவும் பிளேட் இருப்பது தொடையின் வெளிப்பக்கம். உடம்பின் எடை இறங்குவது உள்பக்கமாக. அதனால் ஒவ்வோர் அடிக்கும் பிளேட் வளைந்தாக வேண்டும். எலும்பு முந்துகிறதா, விரிசல் முந்துகிறதா என்கிற பந்தயம் இது. எலும்பு சேரவே இல்லை என்றால் எந்த நாட்டு பிளேட்டும் ஒரு நாள் தோற்கும். ஜெர்மனியில் செய்தாலும், நம் பாயான் லெப்பாஸில் செய்தாலும். இதை ஆபரேஷன் முடிந்த அன்றைக்கே நோயாளியிடம் சொல்லிவிட வேண்டும் என்பது என் கருத்து. "டைட்டானியம், ஆயுசுக்கும் வரும்" என்று சொல்லி அனுப்புகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு.

வலி போகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எலும்பு சேராததற்கு அதுவே ஓர் அறிகுறி. இனிப்பு நீர் இருந்தால் சேருவது தாமதமாகும். மாமா கேஸ் போடுவது இருக்கட்டும், டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது "ஏன் சேரவில்லை?" என்பதைத்தான். அதைக் கண்டுபிடிக்காமல் அதே இடத்தில் இன்னொரு பிளேட் வைத்தால் அதுவும் அதே வழிதான் போகும்.

ஸ்குரூ போடாத ஓட்டையைப் பார்த்து டாக்டர் மறந்துவிட்டார் என்று நினைக்காதீர்கள். முறிவுக்கு நேராகச் சில ஓட்டைகளை வேண்டுமென்றே காலியாக விடுவார்கள், வளைவு ஒரே இடத்தில் குவியாமல் பரவட்டும் என்று. எத்தனை விடலாம் என்பது அவர்கள் தொழில், எக்ஸ்ரேயைப் பார்த்து நாம் தீர்ப்புச் சொல்ல முடியாது.

சாமானிலேயே குறை இருக்கவே இருக்காது என்றும் நான் சொல்லவில்லை. டைட்டானியத்தில் கீறல் விழக் கூடாது, அங்கிருந்து விரிசல் கிளம்பலாம். ஆபரேஷனில் பிளேட்டை எலும்பின் வளைவுக்கு ஏற்ப வளைத்து, சரியில்லை என்று திருப்பி வளைத்தால் அந்த இடம் கெட்டுவிடும். செயற்கை இடுப்பு மூட்டின் தண்டில் லேசரால் எண் பொறித்த இடத்திலிருந்தே விரிசல் கிளம்பிய சம்பவங்கள் உண்டு. இதையெல்லாம் உடைந்த துண்டு சொல்லும். எடுத்த பிறகு இரண்டு துண்டையும் கேட்டு வாங்குங்கள், கொதிநீராவியில் சுத்தம் செய்து கொடுப்பார்கள். தனித்தனிப் பையில் போடுங்கள். தயவுசெய்து இரண்டையும் பொருத்திப் பார்க்காதீர்கள், குளோராக்ஸ் பிளீச்சில் ஊறவைக்காதீர்கள். உடைந்த முகத்தை பூதக்கண்ணாடியில் பார்த்தால், ஓட்டையின் ஓரத்தில் ஒரு புள்ளியைச் சுற்றி வளையம் வளையமாகக் கோடு தெரியும். விரிசல் நின்று நின்று நகர்ந்த தடம் அது. எதிர் ஓரத்தில் கரடுமுரடாக ஒரு பட்டை இருக்கும், அது கடைசி அடியில் பிய்ந்தது. வளையப் பகுதி பெரிதாகவும் கரடுமுரடு சிறிதாகவும் இருந்தால், சுமை குறைவுதான், ரொம்ப நாள் நடந்து நடந்து உடைந்தது என்று அர்த்தம். வளையம் கிளம்பும் புள்ளியில் கீறலோ உலோகத்துக்குள் அழுக்கோ இருந்தால், அப்போது மாமா பேசலாம். உடம்புக்குள் இரண்டு முகமும் உரசினால் இந்தத் தடம் தேய்ந்துவிடும், அதனால் காலை ஊன்றாமல் இருப்பது இதற்கும் நல்லது.

ஆபரேஷன் குறிப்பில் பிளேட்டின் லாட் எண் (எந்தத் தொகுப்பில் செய்தது என்கிற எண்) ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், அதற்கு நகல் கேளுங்கள். மருத்துவக் கருவிகளுக்கு இங்கே மலேசியாவில் 2012ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, சட்டம் 737. சுகாதார அமைச்சின் கீழ் அதற்கென்றே ஆணையமும் உண்டு. சந்தேகம் இருந்தால் அங்கே புகார் கொடுக்கலாம். லாட் எண் இல்லாமல் போனால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

ஆயர் ஈத்தாம் மகள்:

அண்ணே, ரொம்ப நன்றி. அண்ணியிடம் 2.4, 2.5 கணக்கை வாசித்துக் காட்டினேன். பதில் இல்லை.

இன்னொரு விஷயம். நேற்று அம்மா பேச்சுவாக்கில் சொன்னது: விழுவதற்குச் சில வாரம் முன்பிருந்தே அந்தத் தொடையில் மந்தமாக ஒரு வலி இருந்ததாம். தைலம் தேய்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறார். அன்றைக்கும் வழுக்கி விழவில்லை, கால் முதலில் 'விட்டுவிட்டது', அப்புறம்தான் விழுந்தேன் என்கிறார். இதற்கும் பிளேட்டுக்கும் சம்பந்தம் இருக்குமா?

கே.எல். வார்டு நர்ஸ்:

தங்கச்சி, அம்மா எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரை சாப்பிடுகிறாரா? காலையில் வெறும் வயிற்றில் ஒரு கிளாஸ் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, அரை மணி நேரம் படுக்கக் கூடாது என்பார்களே, அது? அலெண்ட்ரோனேட் என்று அட்டையில் இருக்கும். எத்தனை வருடமாக?

முதல் எக்ஸ்ரேயையும் தேடிப் பாருங்கள். முறிவு குறுக்கே நேராக இருந்ததா, அந்த இடத்தில் எலும்பின் வெளிப்பக்கம் தடித்திருந்ததா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

ஆயர் ஈத்தாம் மகள்:

ஆமாம் அக்கா! அதே மாத்திரைதான். ஏழெட்டு வருடம் இருக்கும். கிளினிக்கில் தொடர்ந்து எழுதிக் கொடுக்கிறார்கள், நாங்களும் வாங்கிக்கொண்டிருக்கிறோம். முறிவு குறுக்கேதான், அந்தப் படம் போனில் இருக்கிறது.

கே.எல். வார்டு நர்ஸ்:

அப்படியானால் இதை அடுத்த அப்பாயிண்ட்மெண்ட் வரைக்கும் தள்ளிப் போடாதீர்கள். இந்த வகை மாத்திரையை நீண்ட காலம் எடுத்தவர்களில் சிலருக்குத் தொடை எலும்பு இப்படி முறிவதுண்டு. அமெரிக்க மருந்து நிர்வாகம் 2010இலேயே எச்சரிக்கை கொடுத்துவிட்டது. ஆசியப் பெண்களுக்குக் கூடுதலாக வருகிறது. முன்கூட்டியே தொடையில் மந்தமான வலி, லேசாக விழுந்ததற்கே முறிவு, குறுக்கே நேர்க்கோடு, எல்லாம் பொருந்துகிறது. இப்படிப்பட்ட முறிவு சேரவும் நாளாகும்.

முக்கியமாக, இடது தொடையையும் முழுநீளமாக எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் வந்தால் மறுபக்கமும் வர வாய்ப்பு அதிகம். மாத்திரையைப் பற்றி இன்றே டாக்டரிடம் சொல்லுங்கள், நிறுத்துவதா மாற்றுவதா என்று அவர் முடிவு செய்வார். இதைப் படிக்கிற மற்றவர்கள் பயந்துபோய் மாத்திரையைத் தூக்கி எறியாதீர்கள். இது வருவது அபூர்வம். அந்த மாத்திரையால் இடுப்பும் முதுகெலும்பும் முறியாமல் தப்பித்தவர்கள் அதைவிட ரொம்பவே அதிகம்.

டெஸ்ட் ரூம் கிழவன்:

நர்ஸம்மா பிடித்தது பெரிய விஷயம். எனக்கு இது தோன்றியிருக்காது, நான் பார்ப்பது உலோகத்தை.

ஆனால் இப்போது என் பக்கத்திலிருந்தும் கதை பொருந்துகிறது. எலும்பும் இதே மாதிரிதான் விரிசல் விடும். ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அணிவகுத்து நடந்தே பாதத்து எலும்பு முறிவதுண்டு, ஒரு அடி உதை எதுவும் இல்லாமல். உலோகத்துக்கும் எலும்புக்கும் உள்ள வித்தியாசம், எலும்பு தன்னைத் தானே ரிப்பேர் செய்துகொள்ளும். விரிசல் விட்ட இடத்தை ஒரு வகை செல் தின்று எடுக்கும், இன்னொரு வகை வந்து புதிதாகக் கட்டும். அந்த மாத்திரை செய்வது, தின்னுகிற செல்லை அடக்குவது. எலும்பு கரைவது நிற்கும், அதுதான் நமக்கு வேண்டியது. கூடவே பழைய விரிசலை எடுக்கிற வேலையும் மந்தமாகிவிடும். ஆக, முதலில் எலும்பு ஃபெட்டீக்கில் போயிருக்கிறது, அந்த எலும்பு சேராமல் பிளேட்டும் ஃபெட்டீக்கில் போயிருக்கிறது. டாக்டர் சொன்ன ஒரு வார்த்தை இரண்டு தடவை சரி.

செந்தூல் பையன்:

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். அப்பாவுக்கு நெஞ்சில் பேஸ்மேக்கர், அம்மாவுக்கு இரும்பு வால்வு. காலாவது ராத்திரி ஓய்வெடுக்கும், இதயம் நிற்பதே இல்லையே. அதெல்லாம் உடையாதா? இதைப் படித்ததிலிருந்து தூக்கம் இல்லை.

டெஸ்ட் ரூம் கிழவன்:

தம்பி, தூங்குங்கள். நிமிடத்துக்கு 72 துடிப்பு என்றால் வருடத்துக்குச் சுமார் 3.8 கோடி. இது தெரிந்துதான் செய்கிறார்கள். இரும்பு வால்வை 40 கோடி தடவை திறந்து மூடிப் பார்ப்பார்கள், பத்து வருடத் துடிப்புக்குச் சமம். மெஷினை வேகமாக ஓட்டித்தான் அதைச் சில மாதத்தில் முடிப்பது.

இந்த அளவுக்குக் கண்டிப்பு வந்ததற்குப் பின்னால் ஒரு கெட்ட கதை உண்டு. பியோர்க்-ஷைலி என்று ஒரு வால்வு. அதில் குவிந்த தட்டு வைத்த ஒரு ரகம் 1979இல் வந்தது, 1986இல் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் உலகம் முழுக்கச் சுமார் 86,000 பேருக்கு வைத்தாகிவிட்டது. ஒரு வளையம், நடுவில் சாய்ந்து சாய்ந்து திறக்கும் ஒரு தட்டு, தட்டைப் பிடிக்க இரண்டு பக்கமும் வளைத்த கம்பி. ஒரு பக்கக் கம்பி வளையத்தோடு ஒரே துண்டாகச் செய்தது. மறுபக்கக் கம்பியை வெல்டிங் வைத்து ஒட்டியது. தட்டு மூடும்போது அளவுக்கு மீறிச் சாய்ந்து, அதன் ஓரம் அந்த ஒட்டிய கம்பியில் இடித்தது. ஒவ்வொரு துடிப்புக்கும் ஓர் இடி. முதலில் கம்பியின் ஒரு கால் விடும், ஆளுக்கு ஒன்றும் தெரியாது. பிறகு இன்னொரு காலும் விடும், தட்டு கழன்று ரத்தத்தோடு போய்விடும். 600க்கு மேற்பட்டவர்களுக்கு இப்படி ஆனது, பெரும்பாலோர் பிழைக்கவில்லை. வெல்டர் தம்பி படித்துக்கொண்டிருந்தால், வெல்டிங் ஓரத்தின் அருமை அவருக்குத் தெரியும். உங்கள் அம்மாவுக்கு எந்த வால்வு என்று நோயாளி அட்டையில் இருக்கும், இப்போது வைப்பவை வேறு வடிவம்.

பேஸ்மேக்கரில் பெட்டி உடையாது, வயர்தான் பலவீனம். கழுத்துப்பட்டை எலும்புக்கும் முதல் விலாவுக்கும் நடுவே அது போகும்போது கை அசையும் போதெல்லாம் நசுங்கும். இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் கருவியின் ஸ்பிரிண்ட் ஃபிடேலிஸ் என்ற வயர் உள்ளே முறிந்ததால் 2007இல் விற்பனையை நிறுத்தினார்கள். 2 லட்சத்து 68 ஆயிரம் வயர் அதற்குள் ஆட்களின் நெஞ்சில் போய்விட்டது. ஆனால் வயருக்கு ஒரு நல்ல குணம், பிளேட் மாதிரி ஊமை இல்லை. முறிய ஆரம்பித்தாலே மின்தடை எண் மாறும், செக்கப்பில் கருவியைப் படித்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். அப்பா செக்கப்பைத் தவறவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது போதும்.

ஆயர் ஈத்தாம் மகள்:

நிலவரம் சொல்கிறேன். மாத்திரை விஷயத்தைச் சொன்னதும் டாக்டர் பழைய எக்ஸ்ரேயை எடுத்துவைத்து ரொம்ப நேரம் பார்த்தார். மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார். இடது தொடையிலும் வெளிப்பக்கம் லேசாகத் தடித்திருக்கிறது, விரிசல் கோடு இன்னும் இல்லை, கண்காணிப்பில் வைப்பதாகச் சொன்னார். வைட்டமின் டி குறைவு, அதற்கும் மருந்து.

வலது காலில் ஆபரேஷன் முடிந்தது. பிளேட்டுக்குப் பதிலாக எலும்பின் நடுக்குழியில் நீளமாக ஒரு நெயில் (உலோகத் தண்டு), இடுப்பு எலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து முறிவில் வைத்திருக்கிறார்கள். துண்டு இரண்டும் இரண்டு பையில் இருக்கிறது, லாட் ஸ்டிக்கர் நகலும் வாங்கிவிட்டேன். அண்ணே சொன்ன வளையக் கோடு வெறும் கண்ணுக்கே தெரிகிறது. கரடுமுரடான பட்டை அரிசி அளவுகூட இல்லை. மாமாவும் பார்த்தார். இப்போது கேஸ் பேச்சு இல்லை, அந்த கிளினிக்கைப் பிடிக்க வேண்டும் என்கிறார்.

ஒரே ஒரு கேள்வி. இந்த நெயிலும் உடையுமா?

டெஸ்ட் ரூம் கிழவன்:

எலும்பு சேராவிட்டால் உடையும், அது மாறாது. ஆனால் நெயில் எலும்பின் நடுவில் இருக்கிறது, ஓரத்தில் இல்லை. வளைக்கும் விசை குறைவு, அவகாசம் கூடுதல். இந்த மாதிரி முறிவுக்கு நெயில்தான் பொருத்தம்.

முட்டிக்கு மேலே நெயிலைப் பூட்ட ஒன்றிரண்டு குறுக்கு ஸ்குரூ போட்டிருப்பார்கள். சில மாதம் கழித்து எக்ஸ்ரேயில் அதில் ஒன்று முறிந்திருந்தால் உடனே பட்டிமன்றம் ஆரம்பித்துவிடாதீர்கள். சிலருக்கு அது முறிந்ததும் இரண்டு எலும்பு முனையும் நெருங்கி, அதற்கப்புறம்தான் சேர ஆரம்பிக்கும். டாக்டர்களே சில சமயம் வேண்டுமென்று அந்த ஸ்குரூவைக் கழற்றிவிடுவார்கள். டாக்டரிடம் காட்டுங்கள், வலி கூடுகிறதா என்று மட்டும் கவனியுங்கள்.

ஆயர் ஈத்தாம் மகள்:

சரி அண்ணே. அடுத்த எக்ஸ்ரே ஆறு வாரம் கழித்து. எடுத்ததும் இங்கே எழுதுகிறேன்.